பொன்மடித் தாயின் முக்காலி

பொன்மடி மாத்ருசேவா அறக்கட்டளை நாகர்கோவிலில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. பெற்றவர்கள் இல்லாமல் வளர்ப்புக் குடும்பங்களில் வளரும் பிள்ளைகளுக்கு வருடா வருடம் விருதும் படிப்புக்கு உதவித்தொகையும் கொடுப்பது அதன் வேலை. ஒரு விருது கொடுக்க எத்தனை பொன்னாடை வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. கொடுப்பவருக்கு ஒன்று, கொடுக்கச் சொன்னவருக்கு ஒன்று, கொடுக்கும்போது பக்கத்தில் சும்மா நின்றவருக்கு ஒன்று. ஒரு வருடம் பிள்ளைக்குப் போர்த்த ஒன்றுகூட மிஞ்சவில்லை. மேடையில் இருந்த ஒருவரிடம் இரவல் வாங்கிப் போர்த்தி, படம் எடுத்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இந்த வருடம் அந்த விருதுக்கு எங்கள் நந்தனாவின் பெயர் போயிருந்தது. அவளை வளர்க்கிற வடிவாம்பாள் எனக்கு ஒன்றுவிட்ட அக்கா. ஆகவே நான் நடுநிலையோடு எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

வடிவக்காவுக்கும் தாணு அத்தானுக்கும் பிள்ளை இல்லை. அதைச் சொல்லி சுசீந்திரத்தில் யாரும் அவளைக் குத்திக் காட்டியதில்லை. காட்டினால் என்ன கிடைக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். நந்தனா ஒன்பது வயதில் அவர்களிடம் வந்தாள். அம்மா இறந்துவிட்டாள், அப்பா வளைகுடாவில் எங்கேயோ இருப்பதாகக் கேள்வி. அப்பா என்று ஒருவர் எங்கேயோ இருந்த காரணத்தால் தத்தெடுக்க முடியவில்லை. வளர்க்க மட்டும் உத்தரவு கிடைத்தது. பிள்ளை அக்காவை மாமி என்று கூப்பிட்டாள். அப்படியே கூப்பிட்டு வளர்ந்து, பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கி, நர்சிங் படிக்க இடமும் வாங்கிவிட்டாள். போன மாதம் அவளுக்குப் பதினெட்டு முடிந்தது. அதோடு அந்த உத்தரவும் முடிந்தது. இனி சட்டப்படி பார்த்தால் வடிவக்கா அவளுக்கு ஒரு வீட்டு விலாசம், அவ்வளவுதான்.

அத்தான் கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க். அந்தச் சம்பளத்தில் நர்சிங் கல்லூரியின் வாசலைத்தான் பார்க்கலாம். அதனால் பொன்மடிக்கு எழுதிப் போட்டார்.

எழுதிப் போட்ட பத்தாம் நாள் செயலாளர் குமாரதாஸ் வீட்டைப் பார்வையிட வந்தார். தக்கலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது பள்ளிக்கூடம்தான், அவரல்ல. உள்ளே நுழைந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வகுப்பறையைச் சுற்றுவதுபோல வீட்டைச் சுற்றினார்.

"பிள்ளைக்குக் கட்டில் உண்டா?"

"உண்டு சார்," என்றாள் அக்கா பெருமையாக.

"ஃபேன்?"

"அதும் உண்டு."

குமாரதாஸ் பெருமூச்சு விட்டார். நந்தனாவைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். "மோளே, பயப்படாம சொல்லு. மாமி உன்னத் திட்டுவாங்களா?"

"திட்டுவாங்க சார்."

அவர் முகம் மலர்ந்தது. பேனாவைத் திறந்தார். "எதுக்கு?"

"குளிச்சிட்டுத் தலை துவட்டாம பள்ளிக்கூடம் போனா."

பேனாவை மூடிவிட்டார். "அம்மா, தப்பா நினைக்கப்பிடாது," என்று அக்காவிடம் திரும்பினார். "பிள்ளை நல்ல பிள்ளை. மார்க் இருக்கு, ஒழுக்கம் இருக்கு. துக்கம்தான் போதாது."

"துக்கமா?"

"போன வருஷம் வாங்கின பிள்ளைக்கு நல்ல துக்கம் இருந்துச்சு. மேடையில நான் வாசிக்க வாசிக்க, நன்கொடை குடுக்கவங்க எல்லாரும் கர்ச்சீப் எடுத்துட்டாங்க. இங்க வந்து பாத்தா எல்லாம் சௌகரியமா இருக்கு. நாங்க எதை வச்சு வாசிக்க? நீங்க வளக்கும்போதே கொஞ்சம் யோசிச்சிருக்கணும்."

யாரிடமும் பதிலுக்குப் பதில் கொடுக்கிறவள் அக்கா. அன்றோ, பிள்ளையைச் சரியாக வளர்க்கத் தெரியவில்லையோ என்று அவள் யோசித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

படம் எடுக்கும்போது இன்னொரு சிக்கல் வந்தது. நந்தனாவின் சுடிதார் புதியது. பழையது ஏதாவது போடச் சொன்னார் குமாரதாஸ். பழையதும் நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் அடுத்த வீட்டு சுனிதாவிடம் ஓடி, அவள் மகள் போட்டுச் சாயம் போன நைட்டி ஒன்றை வாங்கி வந்தோம். அந்த மகள் தாயும் தகப்பனும் உள்ள பிள்ளை. விஷயம் தெரிந்த சுனிதா பின்னாலேயே வந்து நின்றாள்.

"சாரே, எனக்க மோளும் படிப்பா. அவளுக்கும் ஒண்ணு எழுதிப் போடலாமா?"

"நீங்க ரெண்டு பேரும் இருக்கியளே, அதாம்மா சிக்கல்," என்றார் குமாரதாஸ். சுனிதா சற்று நேரம் தன் வீட்டுத் திண்டில் உட்கார்ந்திருந்த கணவனை யோசனையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

நைட்டி போட்ட நந்தனாவைச் சுவரோரம் நிறுத்தினார்கள். அக்கா பழக்கதோஷத்தில் அவள் தோளில் கைபோட்டு நின்றாள்.

"நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா. கை படத்துல விழுது."

அக்கா தள்ளி நின்றாள். "இன்னும் கொஞ்சம்," என்றார். அவள் அடுக்களைக்குள் போனாள். படம் நன்றாக வந்தது.

நந்தனாவின் துக்கக் குறைவை மன்னித்து விருதை அவளுக்கே தருவதாக அடுத்த வாரம் போன் வந்தது. நல்ல துக்கம் உள்ள பிள்ளைகள் இந்த வருடம் மார்க் வாங்கியிருக்கவில்லை. ஒத்திகைக்கு வரச் சொன்னார்கள். அங்கேதான் அந்த மடி விஷயம் தெரியவந்தது.

பொன்மடியின் தலைவி டாக்டர் ரஷ்மி ஹரிகுமார். மருத்துவ டாக்டர் அல்ல. ஒரு விழாவில் கொடுத்த டாக்டர். கணவருக்கு ஜல்லி வியாபாரம். மலையை உடைத்து விற்ற புண்ணியத்தில் அம்மையாருக்குச் சேவை மனப்பான்மை வந்திருந்தது. நோட்டீசுகளில் அவர் பெயருக்கு முன்னால் 'பொன்மடித் தாய்' என்று போட வேண்டும். போடாத ஓர் அச்சகக்காரர் மறுபடியும் அடித்துக் கொடுத்தார்.

ஆறு மாசக் குழந்தையைத் தாய் மடியில் வைத்துக் கோயிலில் முதல் சோறு கொடுப்பார்களே, சோறூட்டு, அதைப் பொன்மடித் தாய் மேடைக்குக் கொண்டுவந்திருந்தார். அந்த வருடத்தின் சிறந்த வளர்ப்புப் பிள்ளை எல்லார் முன்னாலும் அவர் மடியில் உட்கார வேண்டும். அவர் பாயாசத்தில் ஒரு வாய் ஊட்டுவார். அப்போது பிள்ளை அறக்கட்டளையின் பிள்ளையாகப் புதிதாகப் பிறந்ததாக அர்த்தம்.

"எனக்கு ஏற்கெனவே சோறூட்டு நடந்திருக்கு சார்," என்றாள் நந்தனா. "அம்மா இருக்கும்போ. படம்கூட இருக்கு."

"அது பழைய சோறூட்டு மோளே," என்றார் குமாரதாஸ்.

நந்தனா நல்ல உயரம். வடிவக்காவின் சாப்பாடு வேறு. பொன்மடித் தாய்க்கோ முழங்கால் தேய்மானம். எடை தூக்கக் கூடாது என்று மருத்துவ டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு ஒரு முக்காலி செய்து வைத்திருந்தார்கள். அம்மையார் சோபாவில் உட்கார்ந்ததும் முழங்கால்களுக்கு நடுவே அந்த முக்காலி போகும். அதன்மேல் அவர் உடுத்தியிருக்கும் நிறத்திலேயே ஒரு பட்டுத் துணி. பிள்ளை உட்காருவது முக்காலியில். முன்னாலிருந்து பார்த்தால் மடியில். ஒத்திகையில் நந்தனா உட்கார்ந்தபோது நானே நம்பிவிட்டேன்.

"தாய்மைங்கறது எடை பாக்காது," என்று அம்மையார் முக்காலியைத் தட்டிச் சரிபார்த்தபடி எங்களிடம் சொன்னார். "மனசு இருந்தாப் போதும். இந்தக் கால் ஆடுது, ஆசாரியக் கூப்பிட்டு ஒரு ஆணி அடிக்கச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து, நந்தனா குளிக்கப் போனபிறகு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒம்பது வயசுல வந்தா. அந்த வயசுல பிள்ளைய மடியில வாட்டின்னு கூப்பிட முடியுமா? கூப்பிட்டா அவளுக்கு வெக்கம், எனக்கும் வெக்கம். காய்ச்சல் வந்தா பக்கத்துல கெடந்தேன். பேன் பாத்தேன். மடியில ஒரு நாளு இருந்ததில்ல. இவ யாருலே? ஒரு நாளு ஊரெல்லாம் கூட்டி வச்சு மடியில இருத்துவாளாம், பாயாசம் ஊட்டுவாளாம். எனக்கு வயிறு எரியுது தம்பி. பத்திக்கிட்டு எரியுது."

"இஞ்ச பாரு வடிவு, ஃபீஸ் முழுக்க அவங்க கெட்டுதாங்க," என்றார் அத்தான் மெதுவாக. "மடி அவங்களுக்கு இருந்துட்டுப் போட்டும். பிள்ளை நமக்குத்தானே."

"எந்தச் சட்டத்துல நமக்கு?" என்று கேட்டாள் அக்கா.

உத்தரவு முடிந்ததை அத்தான்தான் அவளுக்குப் படித்துச் சொன்னவர்.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வளர்ப்புப் பெற்றோருக்குத் தனியாக இடம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த இடம் சமையல்கட்டில் இருந்தது. "நீங்க முன்வரிசையில இருந்தா வந்தவங்க குழம்பிப் போவாங்க," என்று குமாரதாஸ் அக்காவிடம் பொறுமையாக விளக்கினார். "தாய் இல்லாத பிள்ளைன்னு நாங்க மேல வாசிப்போம். கீழ நீங்க இருந்து கண்ணத் தொடச்சிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?" மற்ற வளர்ப்புத் தாய்மார்கள் ஏற்கெனவே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே கண்ணைத் துடைத்தால் யாரும் குழம்ப மாட்டார்கள்.

நானும் அத்தானும் ஆண்கள் என்பதால் கடைசி வரிசையில் உட்கார அனுமதி கிடைத்தது. பொன்னாடைகள் போர்த்தி முடியவே ஒரு மணி நேரம் ஆனது. சிறப்பு விருந்தினர் ஞானம் என்பவர் எழுந்தார். ஏதோ ஒரு துறையில் பெரிய அதிகாரியாக இருந்தவர்; எந்தத் துறை என்பதை அவரும் சொல்லவில்லை.

"இந்த மாவட்டத்தில் தாயில்லாப் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்று செயலாளர் என்னிடம் வருத்தத்தோடு சொன்னார்," என்று தொடங்கினார். "நாம் மனம் தளரக் கூடாது. பிள்ளைகள் குறையலாம். நம் சேவை குறையக் கூடாது. இவர்கள் இல்லையென்றால் நாமெல்லாம் இன்று எங்கே போய் உட்கார்ந்திருப்போம் என்று நினைத்துப் பார்க்கிறேன். எனக்கு வீட்டில் உட்கார முடியாது. என் மகன் என்னோடு பேசுவதில்லை. இங்கே இத்தனை பிள்ளைகள் வரிசையாக நின்று எனக்கு வணக்கம் சொன்னார்கள்."

பலத்த கைதட்டல். அவர் மகனைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசினார்.

இதற்கிடையில் சமையல்கட்டில் ஒரு சிறு நிகழ்ச்சி; எனக்கு அது பின்னால்தான் தெரிந்தது. சமையல்காரருக்கு நின்று நின்று கால் கடுத்தது. உட்கார ஏதாவது கிடைக்குமா என்று பொதுவாகக் கேட்டார். யாரும் அசையவில்லை. வடிவக்கா எழுந்து கைகழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு மேடைக்குப் பின்பக்கம் போனாள். அங்கே பட்டுத் துணி போர்த்திய முக்காலி தயாராக இருந்தது. துணியை எடுத்து வைத்துவிட்டு முக்காலியைக் கொண்டுவந்து சமையல்காரருக்குப் போட்டாள். சமையல்கட்டில் உட்கார முக்காலி இல்லை என்பது உண்மை. அவள் பொய் எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஓர் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு வருவது அவள் சுபாவம் இல்லை. நினைவுப் பரிசுகள் வந்திறங்கிய அட்டைப்பெட்டி ஒன்று காலியாகக் கிடந்தது. அது ஏறக்குறைய அதே உயரம். அதை எடுத்து முக்காலி இருந்த இடத்தில் வைத்து, பட்டுத் துணியைச் சுருக்கமில்லாமல் போர்த்திவிட்டு வந்து மறுபடியும் வெங்காயத்தின் முன் உட்கார்ந்தாள்.

நந்தனாவை மேடைக்கு அழைத்தார்கள். குமாரதாஸ் அவளுடைய துக்கத்தை வாசித்தார். முழுக்க அவளுடையது அல்ல. போன வருடத்துப் பிள்ளையின் துக்கத்திலிருந்தும் கொஞ்சம் சேர்த்திருந்தார். கர்ச்சீப்கள் வெளியே வந்தன. திரை ஒரு நிமிடம் மூடியது; அந்த அவசரத்தில் போர்த்தியதைப் போர்த்தியபடியே அம்மையாரின் முழங்கால்களுக்கு நடுவே தள்ளிவிட்டுத் திறந்தார்கள். பொன்மடித் தாய் பொன்னிறப் பட்டில், விரிந்த மடியோடு வீற்றிருந்தார். மார்பில் ஒரு சின்ன மைக் குத்தியிருந்தது, தாய்ப்பாசத்தின் ஒரு சொல்லும் வீணாகக் கூடாதென்று.

"வா கண்ணே," என்றார். "இந்த மடி உனக்காகத்தான்."

நந்தனா உட்கார்ந்தாள்.

டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. பட்டுத் துணி உள்ளே போனது. நந்தனா இரண்டு முழங்கால்கள் மேலும் முழு எடையோடு இறங்கினாள். பொன்மடித் தாயின் குரல் மைக் வழியாக மண்டபம் முழுக்க, வெளியே ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது.

"எறங்குட்டி சவமே! எனக்க முட்டு போச்சு! குமாரதாசே, இந்த மாட்டப் பிடிச்சு எறக்கும்!"

நந்தனா எழுந்திருக்கத்தான் பார்த்தாள். அவள் செருப்பு அம்மையாரின் கொசுவத்தில் மாட்டியிருந்தது. எழப் போய் மறுபடியும் உட்கார்ந்தாள். போட்டோகிராபர், "மேடம், அப்படியே, இன்னும் ஒண்ணு," என்றார். அம்மையார் அவரைப் பற்றியும் சில வார்த்தைகள் சொன்னார். இரண்டு பேர் வந்துதான் நந்தனாவைத் தூக்கினார்கள்.

அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஃபீஸ் போயிற்று என்று அவர் உதடு சொன்னது. சமையல்கட்டு வாசலில் அக்கா வந்து நின்றாள். கையில் பாதி உரித்த வெங்காயம். முகத்தில் இருந்த சந்தோஷம் அத்தானைப் பார்த்ததும் இறங்கிவிட்டது. பிள்ளையின் படிப்பை அந்த அட்டைப்பெட்டியோடு சேர்த்து மிதித்துவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

ஆனால் குமாரதாஸ் முப்பது வருடம் ஆண்டுவிழா நடத்தியவர். மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே, இப்போது நீங்கள் கேட்டது என்ன குரல்? தாய்மார்கள் அறிவார்கள். ஒரு பிள்ளை பிறக்கும்போது எந்தத் தாயாவது இனிமையாகவா பேசுவாள்? கண்டபடி ஏசமாட்டாளா? நம் பொன்மடித் தாய் இந்தப் பிள்ளையை மடியில் ஏந்திய கணத்தில் பிரசவ வலியையே அனுபவித்துவிட்டார்கள்! உலகத்தில் எந்த அறக்கட்டளைத் தலைவிக்காவது இது வாய்த்திருக்கிறதா?"

ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். முன்வரிசையில் ஓர் அம்மாள் அழுதே விட்டாள். பொன்மடித் தாய் நிலைமையைப் புரிந்துகொண்டு கண்ணை மூடி, களைத்த ஒரு புன்னகை செய்தார். ஞானம் ஓடி வந்து தன் பொன்னாடையைக் கழற்றி அம்மையாரின் முழங்காலுக்குப் போர்த்தினார். மறுநாள் பேப்பரில் 'பிரசவ வேதனையை மேடையில் உணர்ந்தேன்: பொன்மடித் தாய் உருக்கம்' என்று வந்தது. உதவித்தொகை நான்கு வருடத்துக்கும் உறுதியானது. பெற்ற பிள்ளைக்குக் கொடுக்காமல் இருக்க முடியுமா?

கட்டில் அகலத்துக்கு ஒரு தெர்மோகோல் செக்கைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். உண்மையான பணம் கல்லூரிக்கு நேரே போய்விடும், இதை வீட்டில் மாட்டிக்கொள்ளுங்கள் என்றார் குமாரதாஸ். எங்கள் வீடுகளில் அந்த அளவுக்குச் சுவர் இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "மடியில இருத்துனது பத்தாதுன்னு இப்ப பெத்தவளும் ஆயிட்டா," என்று முணுமுணுத்தாள். "நான்தான் பெட்டிய வச்சுப் பெற வச்சேன்." அவள் பொறாமை ஒரே காலையில் இரட்டிப்பாகிவிட்டது.

கன்னியாகுமரி போகும் டவுன் பஸ்ஸில் நல்ல கூட்டம். அத்தான் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து ஒரு ஸீட்டைப் பிடித்தார். அக்காவை உட்கார வைத்தோம். நந்தனா கேடயமும் சான்றிதழுமாகப் பக்கத்தில் நின்றாள். நானும் அத்தானும் செக்கின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு அந்த ஸீட்டுக்குப் பின்னாலேயே படிக்கட்டுக்கு அருகே நின்றோம். செக்குக்கு லக்கேஜ் போட வேண்டும் என்றார் கண்டக்டர். அதில் எழுதியிருந்த தொகையைப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்.

கோட்டாறு தாண்டும்போது டிரைவர் ஒரு பிரேக் போட்டார். நந்தனா தடுமாறினாள்.

"மாமி, கால் வலிக்கி. கொஞ்சம் காலச் சேத்து வையுங்கோ," என்றாள். அக்கா சேர்த்து வைத்தாள். நந்தனா கேடயத்தை ஜன்னலோரம் சொருகிவிட்டு அவள் மடியில் உட்கார்ந்தாள். கூட்டமான பஸ்ஸில் யாரும் யார் மடியிலும் உட்காருவதுதான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா மட்டும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் வைத்திருந்தாள். பிறகு அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"மாமி."

"என்னட்டி."

"அந்த முக்காலியில சமையக்காரர் இருந்தாருல்லா. தண்ணி குடிக்க வந்தேன், பாத்தேன்."

அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "எப்ப பாத்த?"

"மேடைக்குப் போறதுக்கு முந்தி."

இரண்டு வயல் தாண்டியபிறகு அக்கா திரும்பினாள். "அப்ப தெரிஞ்சுதான் போய் இருந்தியா?"

"ஆமா. நல்லா அமந்து இருந்தேன்."

அக்காவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. கொஞ்சம் கழித்து ரொம்ப சாதாரணமான குரலில் கேட்டாள்: "அவ எவ்வளவு நேரம் தாங்குனா?"

"பாயாசம் வாய்க்கு வரல்ல. அதுக்குள்ள அலறிட்டா."

சுசீந்திரம் வந்தது. நானும் அத்தானும் செக்கைச் சாய்த்து, உடையாமல் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தோம். அவர்கள் இறங்கவில்லை.

"ஏ வடிவு, எறங்கல்லியா?" என்று அத்தான் கீழே நின்று கத்தினார்.

"கால் மரத்துப் போச்சு," என்றாள் அக்கா. சொன்ன குரலில் வருத்தம் எதுவும் இல்லை. கண்டக்டரிடம் திரும்பினாள். "பொம்பளையளுக்குச் சும்மாதானே? ரெண்டு கன்னியாகுமரி குடுங்கோ."

பஸ் நகர்ந்தது. நந்தனாவின் தலைக்குப் பின்னால் எட்டி, அக்கா ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டாள்.

"லே தம்பி, குமாரதாஸ் சாருக்கு ஒரு போனப் போட்டுச் சொல்லு. நான் கன்னியாகுமரி வரைக்கும் மடியில வச்சிருந்தேன்னு."